பெடல் அண்ணாச்சியும் வழுக்குகிற குளியலறைகளும்

தூத்துக்குடி பீச் ரோட்டில் தொடங்கி சாகுபுரம் வரைக்கும் ஆண்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, இதில் யார் மேல் சந்தேகப்படலாம் என்று கேட்டால், எல்லார் மேலும் என்றுதான் சொல்வேன். என் தொழில் அப்படி. ஒரே ஒருவரைத்தான் பிடித்து உள்ளே வைக்கலாம் என்று நிபந்தனை போட்டால், யோசிக்காமல் எங்கள் ஆபீஸ் பெடல் அண்ணாச்சியைக் கை காட்டியிருப்பேன். நான்கு வருடம் அந்த மனிதரை விடாமல் சந்தேகப்பட்டேன். வேலையைக்கூட அவ்வளவு சிரத்தையாக நான் செய்ததில்லை.

தொழில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து கப்பலில் தடிமரம் வாங்குகிற வியாபாரிகள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்கள் சார்பில் அந்த நாட்டுக்கே போய், தடிகளை அளந்து, எண்ணி, உளுத்ததை ஒதுக்கிவிட்டு வருவது எங்கள் சர்வே ஆபீஸின் வேலை. பார்த்து முடித்த தடியின் வெட்டு முகத்தில் ஒரு பெயிண்ட் பொட்டு வைப்போம். நீலம் என்றால் தேறியது. கறுப்பு என்றால் தேறாதது. "விக்கிறவனையும் நம்பாத, வாங்குறவனையும் நம்பாத, டேப்பை மட்டும் நம்பு" என்பார் எங்கள் மேனேஜர். அந்த டேப்பையும் மாதம் ஒரு தடவை இன்னொரு டேப்பை வைத்து அளந்து பார்ப்பார்.

இப்படிப்பட்ட ஆபீஸில், வெளிநாட்டு வேலை வந்தால் எல்லாரும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அடித்துக்கொள்வோம். அண்ணாச்சிக்கு மட்டும் துபாய் என்றால் காய்ச்சல் வந்துவிடும். மலேசியாவில் எங்கோ ஒரு காட்டுக்குள், சோறு கிடைக்காத ஊர் என்றால் காய்ச்சல் இறங்கிவிடும். வேலை விவரம் எழுதிய தாளைக் கையில் வாங்கியதும், எத்தனை தடி, எந்தக் கப்பல் என்றெல்லாம் அவர் கேட்டதில்லை. "அந்த ஊர்ல மேடு உண்டுமா?" என்றுதான் கேட்பார். ஐம்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் சீப்பு. இந்த ஆளுக்கு மேட்டில் என்ன வேலை?

சரி, போகிறார். திரும்பி வரும்போது சும்மா வருவாரா? முழங்கையில் கட்டு. கேட்டால், "ஓட்டல் பாத்ரூம்ல வழுக்கிட்டு" என்பார். அடுத்த தடவை கன்னத்தில் சிராய்ப்பு. அதுவும் பாத்ரூம். அதற்கடுத்த தடவை கழுத்துப்பட்டை எலும்பில் விரிசல், ஒரு மாதம் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு வந்தார். பாத்ரூம்தான். உலகத்தில் உள்ள அத்தனை ஓட்டல் குளியலறைகளும் ஒன்றுகூடிப் பேசிவைத்துக்கொண்டு இவரை மட்டும் தள்ளிவிட்டன. நானும் அதே ஓட்டல்களில் தங்கியிருக்கிறேன். சோப்பைத் தரையில் தேய்த்துவிட்டு நடந்துகூடப் பார்த்தேன். வழுக்கவில்லை.

திங்கட்கிழமைகளில் இன்னொரு கூத்து. அவருடைய பேண்ட் மடிப்பிலும் செருப்பு வாரிலும் செக்கச்செவேலென்று மண் ஒட்டியிருக்கும். தூத்துக்குடியில் ஏது செம்மண்? சாத்தான்குளத்துக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் நடுவே கிடக்கிற தேரி மணல் அது. ஞாயிற்றுக்கிழமை தேரிக்காட்டுக்குள் இவர் என்ன தோண்டுகிறார் என்பது பற்றி ஆபீஸில் மூன்று கட்சி இருந்தது. சிலை என்பது ஒரு கட்சி. பிணம் என்பது ஒரு கட்சி. நான் இரண்டும் என்ற கட்சி.

ஒரு நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நியூசிலாந்துல பைன் தடி பாக்கணும். ரெண்டு பேரா அனுப்புதேன். நீ தடியப் பாக்க வேண்டாம். அவரப் பாரு."

"என்ன சார் விசயம்?"

"விக்கிற கம்பெனிக்காரன் எவன்ட்டயோ கைய நீட்டுதாரோன்னு இருக்கு. அதான் போற எடத்துல எல்லாம் அடி வாங்குதாரு. பங்கு பிரிக்கையில தகராறு. ஒரே ஒரு அத்தாட்சி அனுப்பு போதும், அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருதேன்."

அண்ணாச்சிக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் துறைமுகத்தில் வேறு எந்த வாசலும் திறக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு உற்சாகமாகத்தான் பெட்டி கட்டினேன். நான்கு வருட உழைப்பு வீண்போகவில்லையே.

சென்னை விமான நிலையத்திலேயே வேட்டை தொடங்கிவிட்டது. அண்ணாச்சியின் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இடுப்பில் கட்டுகிற சாரத்துக்குள் சுற்றி இரண்டு இரும்புக் கட்டைகள். இரண்டு பக்கமும் முள் முள்ளாக ஆணி. அதிகாரி அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"என்ன இது?"

"மூட்டுவலி சார். உள்ளங்கால்ல வச்சு உருட்டணும். நரம்புக்கு நல்லது" என்றார் அண்ணாச்சி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். உடனே ஒரு காலைத் தூக்கி நொண்டியும் காட்டினார். அதிகாரிக்கும் மூட்டுவலி போலிருக்கிறது, எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார். நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்: ஆயுதம், இரண்டு.

அங்கே போய் இறங்கியதும் அவர் செய்த காரியங்களை அப்படியே சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். தடி யார்டுக்குப் போனோம். மனிதர் தடிகள் பக்கம் திரும்பவே இல்லை. கார் நிறுத்துகிற இடத்துக்குப் போய், ஒவ்வொரு காரின் பின்பக்கத்தையும் குனிந்து குனிந்து பார்த்தார். ஐந்தாவது காரின் பின்னால் ஏதோ கம்பி மாட்டியிருந்தது. அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். பிறகு யார்டுக்குள் வந்து, வேலை செய்கிறவர்களின் பூட்ஸ்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். எவன் பூட்ஸில் காய்ந்த சேறு அதிகமோ அவன் தோளில் கை போட்டார். அவன் யார்டு சூப்பர்வைசர். நாங்கள் வாங்கப்போகிற தடியை விற்பவனுடைய ஆள். இருவரும் ஏதோ ரகசியம் பேசினார்கள். அண்ணாச்சி பையிலிருந்து தூத்துக்குடி மக்ரூன் டப்பா ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார். அவன் ஒரு சாவியை இவர் கையில் வைத்தான்.

சர்வேயருக்கு விற்கிறவன் லஞ்சம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். சர்வேயர் மக்ரூன் கொடுத்து லஞ்சத்தை வரவழைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் விடியும்போது அவர் அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இடுப்பைக் கவ்விப் பிடிக்கிற அரைக்கால் சட்டை, உட்காரும் இடத்தில் மட்டும் தலையணை வைத்துத் தைத்த மாதிரி ஒரு புடைப்பு. கையில் அந்த இரும்புக் கட்டைகள். வாசலில் சூப்பர்வைசரின் வண்டி நின்றது. நான் டாக்சி பிடித்துப் பின்னால் போனேன்.

வண்டி பைன் காட்டுக்குள் போய் நின்றது. அவர்கள் மேலே ஏறிப் போய்விட்டார்கள். நான் இறங்கிப் பார்த்தேன், பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. காட்டுக்குள் அங்கங்கே மரங்களில் அடையாளம் போட்டிருந்தது. நீலம். கறுப்பு. எங்கள் ஆபீஸின் அதே நீலம், அதே கறுப்பு. ஆக, விஷயம் இதுதான். யார்டுக்கு வந்த பிறகு பொட்டு வைப்பது ஊருக்காகப் போடுகிற நாடகம். மரம் நிற்கும்போதே காட்டுக்குள் வந்து, எது தேறும் எது தேறாது என்று விற்கிறவனும் இவரும் பேசி முடித்துவிடுகிறார்கள். பன்னிரண்டு படம் எடுத்தேன். "அத்தாட்சி கிடைத்தது" என்று ஒரு வரி எழுதி மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன்.

அனுப்பிவிட்டுக் கையும் களவுமாகப் பிடிக்கலாமென்று ஒற்றையடிப் பாதையில் மேலே நடந்தேன். கறுப்பு அடையாளம் போட்ட பாதை. பத்து நிமிடம் நடந்திருப்பேன். மேலே சடசடவென்று ஒரு சத்தம். நிமிர்ந்தால், அண்ணாச்சி வானத்தில் வருகிறார். கீழே சைக்கிள், மேலே அண்ணாச்சி, நடுவில் ஒரு சாண் இடைவெளி. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த பயத்தை நான் பேயைப் பார்த்தவன் முகத்தில்கூடப் பார்த்ததில்லை. என்மேல் ஏற்றாமல் இருக்க ஹேண்டிலை ஒடித்தார், ஒடித்த வேகத்தில் புதருக்குள் போய் விழுந்தார்.

புதருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏலே, நீ இங்கன என்ன பண்ணுத?"

"நீங்க இங்கன என்ன பண்ணுதிய அண்ணாச்சி?"

முழங்கையில் ரத்தத்தோடு அண்ணாச்சி எழுந்து வந்தார். "பாத்ரூம்ல..." என்று தொடங்கியவர், சுற்றிலும் நின்ற பைன் மரங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பத்து வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு மலை ஊரில் மழையால் தடி ஏற்றுவது நின்றுபோய், மூன்று நாள் சும்மா கிடந்தபோது ஓட்டல்காரன் சைக்கிள் கொடுத்திருக்கிறான். அன்று பிடித்த பைத்தியம். நம் ஊரில் மேடு என்று பார்த்தால் ரயில்வே மேம்பாலமும் உப்பளத்து உப்புக் குவியலும்தான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை தேரி மணல்மேட்டில் பழக்கம்.

"வேலைக்கு வந்த ஊர்ல எங்கன ஓட்டலாம்னு யாருட்டப் போய்க் கேக்க? காருக்குப் பின்னால சைக்கிள் மாட்டுத கம்பி இருந்தா அங்கன ஆளு உண்டு. பூட்ஸ்ல சேறு இருந்தா அவந்தான் ஆளு. ஒரு மக்ரூன் டப்பா குடுத்தா சைக்கிள் தந்துருவான். மத்தது எல்லாம் இரவல் வாங்கிக்கிடலாம், பெடல் மட்டும் நம்மளுதா இருக்கணும். காலு வேற பெடல ஒத்துக்காது."

"மரத்துல நீலமும் கறுப்பும் போட்டுருக்கே?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "அது மரத்துக்குப் போட்டதில்லலே. பாதைக்குப் போட்டது. நீலம்னா சுமாரான பாதை. கறுப்புன்னா வீட்டுல சொல்லிட்டு வரணும்."

"வீட்டுல சொல்லிட்டு வந்தியளா?"

"சொன்னா விடுவாளா? வெளிநாட்டு ஓட்டல்னாலே வழுக்கும்னு நம்ப வச்சிருக்கேன்."

சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பேசி பாறாங்கல் மாதிரி கனத்தது.

அன்று காலை யார்டில் தடி பார்த்தோம். சைக்கிள் கொடுத்த அதே சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, அண்ணாச்சி டேப்போடு இறங்கினார். உள்ளே உளுத்திருந்த தடி ஒவ்வொன்றாக அகப்பட, கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டே போனார். நாற்பது ஆனதும் சூப்பர்வைசர் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்சம் பார்த்துச் செய்யக்கூடாதா என்று கேட்டான். அண்ணாச்சி சைக்கிள் சாவியை எடுத்து அவன் கையில் திருப்பி வைத்துவிட்டு, நாற்பத்தொன்றாவது தடிக்குப் பொட்டு வைத்தார். அவன் சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். சாயங்காலம் தானே ஓட்டலுக்கு வந்து, நாளைக்கும் ஐந்தரைக்கு வரட்டுமா என்று கேட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். அண்ணாச்சி எதிரே உட்கார்ந்திருக்கும்போதே பேசினேன். நான் அனுப்பியது தப்பு, அது சைக்கிள் பாதை, அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். மேனேஜர் மெதுவாகக் கேட்டார்:

"காலையில ஒன்னு சொல்லுத, இப்ப ஒன்னு சொல்லுத. ஒனக்கும் பங்கு தந்துட்டாரோ?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை ஒருவர் சந்தேகப்பட்டார். அது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தேன். மன்னிச்சிருங்க என்றேன்.

"விடுலே. சந்தேகப்படத்தான நமக்குச் சம்பளம்" என்றார். ஆனால் அன்று சாப்பிடத் தனியாகப் போனார். ஊர் திரும்பும்வரை விமானத்தில் என் பக்கம் திரும்பவில்லை.

இருவரையும் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கப்பல் வரட்டும் என்றார் மேனேஜர். வந்தது. மூன்று நாள் துறைமுக வெயிலில், குடையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடியையும் மேனேஜரே அளந்தார், நிழலுக்குக்கூட ஒதுங்கவில்லை. எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை. உளுத்த தடியோ கறுப்புப் பொட்டோ ஒன்றுகூட வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், முகமெல்லாம் தோலுரிந்து, "நாளைக்கு ரெண்டு பேரும் வேலைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆபீஸில் விஷயம் பரவி, பெடல் அண்ணாச்சி என்ற பெயரும் அப்போதுதான் விழுந்தது. அந்தப் பெயர் நம் பக்கத்து நாசரேத் வரைக்கும் போய், அங்கே டீச்சராக இருக்கிற அவர் மனைவியின் காதில் விழ இரண்டு நாள்கூட ஆகவில்லை. அக்கா நேராக ஆபீஸுக்கே வந்துவிட்டார். அண்ணாச்சி தடி அளக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினார். அக்கா அவரைத் தேடவில்லை. என் மேஜைக்கு வந்து, மருந்து, பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் நிரப்பிய ஒரு பையை வைத்தார்.

"நிறுத்தச் சொன்னா ஒளிஞ்சு ஓட்டுவாவ. நீங்கதான தம்பி அவிய பின்னாலயே போறவிய. இனியும் போங்க."

போகிறேன். இப்போதும் எந்த ஊருக்கு அவர் தடி பார்க்கப் போனாலும் நானும் போகிறேன். அவர் மேலே ஏறிப் போவார். நான் மலையடிவாரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் என்னால் உட்கார முடியாது. எழுந்து, தெரியாத ஊர்க் காட்டுக்குள், தெரியாத பாதையில், அண்ணாச்சி அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே மேலே ஏறத் தொடங்கிவிடுவேன்.