டிக்கெட் வித், காபி வித்தவுட்

'வித்தவுட்' என்ற ஆங்கிலச் சொல்லை எந்த வெள்ளைக்காரன் கண்டுபிடித்தானோ தெரியாது. ஆனால் அவன் அதைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியது எங்கள் ஆபீஸ் வித்தவுட் சாருக்காகத்தான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. மாதச் சம்பளத்தன்று மட்டும் அதற்கு வேலை.

பாண்டி பஜாருக்குப் பின்னால் எங்கள் ஆடிட்டர் ஆபீஸ். கீழே பாத்திரக்கடை, மாடியில் நாங்கள். நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு இரண்டே அர்த்தம். ஓட்டலில் சொன்னால் சர்க்கரை போடாத காபி, ரயிலில் சொன்னால் டிக்கெட் வாங்காத ஆசாமி. சார் அத்தோடு விட்டாரா? ஹெல்மெட் போடாமல் வருகிறவன் வித்தவுட். வெங்காயம் இல்லாத சாம்பார் வித்தவுட். மேனேஜரின் வழுக்கையைக் கண்ணாலேயே காட்டி, "வித்தவுட் இன்னிக்கு சூடா இருக்கு, லீவு கேக்காதே" என்பார். கல்யாணப் பத்திரிகை நீட்டினால் முகூர்த்த நேரம் பார்க்க மாட்டார்.

"சாப்பாடு வித் பாயசமா, வித்தவுட்டா?"

"பாயசம் இல்லாம கல்யாணமா சார்?"

"அப்போ தாலி கட்டினதும் நான் கிளம்பிடறேன். பந்தியில உக்காந்தா அழுகை வரும்" என்பார்.

நிஜமாகவே வரும். காரணம், மனிதர் ஒரு காலத்தில் சர்க்கரைப் பைத்தியம். காபி குடித்து முடித்ததும் டம்ளர் அடியில் கரையாமல் நிற்கும் சர்க்கரையை விரலால் வழித்து நக்குவார். மேனேஜர் பார்த்தாலும் கவலைப்பட மாட்டார். பிறகு மாமிக்கு, அதாவது அவருடைய மனைவிக்கு, இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. சர்க்கரை தாறுமாறாக ஏறியிருக்கிறது, அது இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமிக்கு எல்லாம் புகை மூட்டமாகத் தெரிந்தது. ஆனால் மைசூர்பாகு டப்பா மட்டும் இருட்டிலும் தெரிந்தது.

சார் கெஞ்சினார், மிரட்டினார். மாமி ஒரே போடாகப் போட்டாராம்: "நீங்க மட்டும் சர்க்கரையைக் கொட்டிண்டு குடிப்பேள், நான் வாயைப் பாத்துண்டு இருக்கணுமா?"

"சரி. இன்னிலேர்ந்து நானும் வித்தவுட்" என்று சொன்னவர்தான். பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

எங்கள் ஆபீஸில் தனசேகர் என்று ஒருவர். சைதாப்பேட்டைக்காரர், பழைய ஃபைல்கள் எல்லாம் அவர் பொறுப்பு, வாய்க்கு யாரும் பொறுப்பில்லை. "இன்னா சார் நீ? வீட்ல வித்தவுட் குடி, இங்க ஒரு டம்ளர் சர்க்கரை போட்டு அடி. மாமிக்கு இன்னா தெரியப்போவுது?" என்று ஆசை காட்டுவார்.

"உனக்குத் தெரியாதுப்பா. கண்ணுதான் மங்கல், மூக்கு படு ஷார்ப். நான் கிண்டி தாண்டும்போதே கண்டுபிடிச்சுடுவா."

இப்படி மாதக்கணக்கில் தவம் கிடந்தார். யார் பிறந்தநாளுக்கு ஜாங்கிரி வந்தாலும் ஒரு முறை முகர்ந்துவிட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளுவார். அன்று மத்தியானம் முழுக்க எல்லோர் மேலும் எரிந்து விழுவார். நாங்களும் பொறுத்துக்கொள்வோம்.

கடைசியில் மாமிக்குச் சர்க்கரை இறங்கியது. நங்கநல்லூரில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கண் ஆஸ்பத்திரி. மத்தியானம் முதல் கண்ணுக்கு ஆபரேஷன். பக்கத்து வீட்டு அம்மாள் மாமியை அழைத்துப் போய்விட்டார். நம் வழுக்கைப் பெருமான் ஒரு கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று சாரைப் பிடித்து வைத்து, நேரமாக்கித்தான் விட்டார். சார் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு படியிறங்கினார். தனியாக விட மனசில்லாமல் நானும் தனசேகரும் கூடவே கிளம்பினோம்.

மாம்பலம் ஸ்டேஷன். ரங்கநாதன் தெருக் கூட்டம் பாதி பிளாட்பாரத்தில் நின்றது. ரயில் வர இரண்டு நிமிஷம் இருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிதர் ஒரு வாய் காபி குடிக்கட்டுமே என்று நான்தான் சொன்னேன். அவர் கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கி, ஸ்டால்காரரைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

"மாஸ்டர்! நாங்க மூணு பேரும் வித்தவுட்!"

பக்கத்தில் நின்ற சஃபாரி சட்டைக்காரர் மெதுவாகத் திரும்பினார். டிக்கெட் பரிசோதகர். மஃப்டியில்.

"என் சர்வீஸ்ல யாரும் இப்படித் தைரியமா ஒத்துக்கிட்டதில்ல. மூணு பேரும் வாங்க."

"சார், அவரு வித்தவுட்டுதான், ஆனா வித்தவுட் இல்ல சார்!" என்று தனசேகர் குறுக்கே விழுந்தார். அடப்பாவி, அதற்குச் சும்மா இருந்திருக்கலாம்.

"டிக்கெட் இருக்கா, இல்லையா?"

"டிக்கெட் வித் சார்! டிக்கெட் வித்!" என்றார் எங்கள் சார், பதற்றத்தில்.

பரிசோதகர் முகம் மாறியது. "டிக்கெட்டை வித்துட்டியா? யார்கிட்ட வித்தே?"

"விக்கலை சார், வித்!"

"அதான்யா, எவ்வளவுக்கு வித்தே?"

இந்த வித்துக்கும் அந்த வித்துக்கும் நடுவில் ரயில் வந்து, நின்று, எங்களை விட்டுவிட்டுப் போயும்விட்டது. அதைப் பார்த்ததும் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "அங்கே அவ காத்துண்டிருப்பா சார்" என்று மட்டும் சொன்னார். நான் அவர் சட்டைப்பையில் கையை விட்டு சீசன் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். எங்கள் டிக்கெட்டுகளையும் காட்டினேன். புரை, சர்க்கரை, மைசூர்பாகு எல்லாக் கதையையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

பரிசோதகர் தலையைச் சொறிந்தார். "மன்னிச்சுக்குங்க சார். சொன்னா வெளிய சிரிப்பாங்க. நானே வித்தவுட்டுதான், ஏழெட்டு வருஷமா" என்றவர், அடுத்த ரயிலில் கூட்டத்தைத் தள்ளி எங்களை ஏற்றிவிட்டார்.

பழவந்தாங்கலில் இறங்கி ஆட்டோவில் பறந்தோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே மாமியின் குரல் கேட்டது. நர்ஸிடம் சண்டை. "அவர் வராம நான் உள்ளே வரமாட்டேன். டாக்டரை வேணா சித்த உக்காரச் சொல்லுங்கோ!"

"வந்துட்டேன்டி!" என்று சார் ஓடினார்.

மறுநாள் கட்டுப் பிரித்தபோதும் நாங்கள் இருந்தோம். மாமி சாரை மேலும் கீழும் பார்த்தார். "என்னன்னா இது? இப்படித் துரும்பா இளைச்சுட்டேள்! ஒருத்தரும் சொல்லலையே!" என்று அழ ஆரம்பித்துவிட்டார். "போறும், எனக்குத்தான் கண்ணு தெரிஞ்சுடுத்தே. இனிமே நீங்க சர்க்கரை போட்டுக்கோங்கோ."

தனசேகர் சிட்டாய்ப் பறந்து கேன்டீனிலிருந்து சர்க்கரை தூக்கலாக ஒரு காபி கொண்டுவந்தார். "அடி சார்! இன்னிக்கு உன் நாளு!"

சார் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி ரசித்தார். பிறகு டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"வேண்டாம்ப்பா. வித்தவுட்டே வாங்கிண்டு வா, ரெண்டா."

"ஏன் சார், நல்லால்லியா?"

"அமிர்தமாத்தான் இருக்கு. ஆனா வித்தவுட்டுன்னா இவகூடக் குடிக்கலாம். வித்துன்னா தனியான்னா குடிக்கணும்!"

தனசேகர் கேன்டீனுக்கு ஓடிப்போய், இரண்டு வித்தவுட்டோடு திரும்பி வந்தார்.

சார் ரிடையராகி, மாமியோடு பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் இன்னும் மாம்பலத்தில்தான் ரயில் ஏறுகிறேன். கூட்டத்தில் யாராவது "மாஸ்டர், ரெண்டு வித்தவுட்!" என்று கத்தினால், வந்து நிற்கும் ரயிலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அது சாரும் மாமியுமாக இருக்கக் கூடாதா என்று.