கீரி இன்ஜினியர் பிடுங்கிப் போட்ட சிக்னல்

இந்த முச்சந்தியில ஏன் இன்னும் ஒரு சிக்னல் வைக்கலன்னுதானே கேக்கறீங்க, பொன்ராசண்ணே? வச்சா மட்டும்? சரி, கேளுங்க.

ஒரு காட்டுல இதே மாதிரி ஒரு முச்சந்தி. இந்தப் பக்கம் ஆமையக்கா வீடு, அந்தப் பக்கம் குளம். நடுவுல முயல் பைக்குல பறப்பான், கரடி குடும்பத்தோட ஆட்டோவுல பறப்பான். சிக்னல் இருந்துச்சு, 'மெதுவாகச் செல்லவும்'னு போர்டும் இருந்துச்சு.

ஆமையக்கா ரோடு இன்ஜினியர் கீரிகிட்ட போனா.

"சார், எங்க வீட்டுக்காரர் ஓடு விரிசல் விட்டுடுச்சு. அடுத்து நான்தான். ஏதாவது பண்ணுங்க."

"போர்டை இன்னும் பெருசா வைக்கட்டுமா?"

"அவரை இடிச்சவனே அந்த போர்டைப் படிச்சுக்கிட்டு வந்தவன்தான் சார்."

கீரி ரொம்ப நேரம் வாலைச் சொறிஞ்சான். அப்புறம் சிக்னலைப் பிடுங்கினான், போர்டைப் பிடுங்கினான், ரோட்டுல இருந்த கோட்டையும் அழிச்சான்.

"கிறுக்காய்யா உனக்கு?"ன்னான் தலைவர் நரி. "யாருக்கு முதல்ல வழின்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனால எதிர்ல வர்ற மூஞ்சியைப் பார்த்துத்தான் ஓட்டணும். மூஞ்சியைப் பார்த்துட்டா இடிக்க மனசு வராது."

மறுநாள் முயல் வந்தான். குழம்பினான். வேகத்தைக் குறைச்சு எதிர்ல இருந்த மூஞ்சியைப் பார்த்தான்.

"அட, கரடி மாமா! கல்யாணத்துக்கு வரவே இல்லையே நீங்க!"

"எங்க மாப்ளே, பத்திரிகையே வைக்கலியே நீ!"

ரெண்டு பேரும் வண்டியை அணைச்சாங்க. பின்னாடி மான் ஹாரன் அடிச்சா. ஆட்டோவுக்குள்ள கரடியோட சம்சாரத்தைப் பார்த்ததும், "அடியே, எப்படி இளைச்சுட்டே!"ன்னு அவளும் இறங்கிட்டா.

மத்தியானத்துக்குள்ள காடே அங்கதான் நின்னுச்சு. ஒருத்தருக்கும் அடி இல்ல. நகர்ந்தாத்தானே அடிபட! ஆமையக்கா சக்கரங்களுக்கு நடுவுல நடந்து, குளத்துல குளிச்சு, திரும்பியும் வந்துட்டா. முயல் அங்கேயே இருந்தான்.

"என்னக்கா, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கல தம்பி."

விபத்தே இல்லாத ரோடுன்னு கீரிக்கு விருது கொடுக்கக் கூப்பிட்டாங்க. பாவம், அவனால முச்சந்தியைத் தாண்டி அங்க போய்ச் சேர முடியல.

நீதி: ரோட்டுல வேகத்தைக் குறைக்க போலீஸ் வேணாம், போர்டு வேணாம், எதிர்ல ஒரு சொந்தக்காரன் வந்தா போதும்.

என்னண்ணே பின்னாடி சத்தம்?

"யோவ், நடுரோட்டுல பைக்கைப் போட்டுட்டு என்னய்யா பேச்சு? பஸ் எவ்ளோ நேரம் நிக்கும்? இங்க வாய்யா!"

அட, டிரைவர் நம்ம சூசை! கூப்பிடறான் பாருங்க. பைக்கைப் பிடிச்சுக்குங்கண்ணே, ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு வந்துடறேன்.