கரடிச்சுனையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர்

உலகம் முழுவதும் தவக்காலம் நாற்பது நாள். எங்கள் வீட்டில் மட்டும் எட்டாவது மாதமாக நடக்கிறது.

சாம்பல் புதனன்று நிறுத்திய ஆட்டுக்கறியை என் மனைவி ரோசரி ஈஸ்டர் முடிந்தும் தொடங்கவே இல்லை. நடுவில் ஒரு டாக்டர் என் ரத்தத்தைச் சோதித்து, "கொழுப்பு ஜாஸ்தி" என்று சொல்லித் தொலைத்தார்.

"இதை நான் கல்யாணமான மறுநாளே சொன்னேன். ஃபீஸ்கூட வாங்கல" என்றாள் ரோசரி.

அன்று முதல் கேழ்வரகு, கொள்ளு, கீரைத்தண்டு. சனிக்கிழமை என்றால் சாமை உப்புமா. ஞாயிற்றுக்கிழமை, சனிக்கிழமையின் மிச்சம். அக்டோபர் பிறந்ததும் பொங்கி எழுந்தேன்.

"ரோசரி! நான் என்ன கிழவனா?"

"பர்த் சர்ட்டிபிகேட்டை எடுத்துட்டு வரட்டுமா?"

"கரடிச்சுனையைக் கண்டுபிடிச்சவன் நான்! தெரியுமில்ல?"

கரடிச்சுனையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பச்சைமலை அடிவாரத்திலிருந்து ஓடைக்கரையோரமாகவே காட்டுக்குள் நாலு கிலோமீட்டர் ஏறினால், பாறை இடுக்கில் ஒரு சுனை ஊறுகிறது. இருபத்தாறு வயதில் தன்னந்தனியாகப் போனேன். குனிந்து தண்ணீர் குடிக்கிறேன். எதிரே ஒரு கரடியும் குனிந்து குடிக்கிறது. "நீங்க முதல்ல குடிங்க" என்றேன். "பரவாயில்ல, நீங்க தூரத்துலேருந்து வந்திருக்கீங்க" என்பதுபோல் அது தலையசைத்தது. இந்தக் கதையைக் கேட்காத ஆள் திருவெறும்பூரில் இருந்தால் அவர் நேற்றுதான் குடிவந்திருக்க வேண்டும்.

(உண்மையில் நான் போனது ஓடையின் இரண்டாவது திருப்பம் வரைதான். கரடியாகப்பட்டது, கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்த ஒரு பெரியவர். இது நமக்குள் இருக்கட்டும்.)

"சரி" என்றாள் ரோசரி. "அந்தச் சுனைக்கு இப்ப நடந்து போங்க. ஒரு பாட்டில் தண்ணி கொண்டாங்க. நடந்தா கொஞ்சமா கறி சாப்பிடலாம்னு டாக்டரும் சொல்லியிருக்கார். மாசத்துல ஒரு ஞாயிறு கறி ஆக்கறேன்."

"ரெண்டு ஞாயிறு."

"ஒண்ணு."

"எலும்போட?"

"எலும்போட."

அந்தோணியார் படத்தைச் சாட்சியாக வைத்து ஒப்பந்தம் முடிந்தது.

சனிக்கிழமை விடியற்காலை எழுந்தால், எதிர்வீட்டு ஜெஸ்லின் சமையலறையிலிருந்து கறி மசாலா வாசனை தெருவைத் தாண்டி வந்து என் மூக்கைப் பிடித்து இழுத்தது. கொடுத்துவைத்த ஜென்மங்கள்! ரோசரியோ வெளியிலிருந்து வந்து, என் தோளில் ஒரு பையை மாட்டினாள்.

"காலி பாட்டில் இருக்கு. டப்பால சாப்பாடு இருக்கு. சுனைக்குப் போய்ச் சேர்ந்தப்புறம்தான் திறக்கணும்."

டப்பாவை மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஒரு துண்டில் முடிந்திருந்தாள். சாமை உப்புமாவுக்கு இவ்வளவு பாதுகாப்பா என்று நினைத்துக்கொண்டேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ். துறையூரில் மினி பஸ். அடிவாரத்தில் இறங்கியதுமே கண்ணில் பட்டது ஒரு போர்டு: "தர்மராஜ் மெஸ். நாட்டுக்கோழி வறுவல்." மனத்தில் குறித்துக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தேன்.

அடடா! இரண்டு பக்கமும் மருத மரங்கள் வானத்தை மறைத்து நிற்க, ஓடை என்னைவிட அவசரமாக எதிரே ஓடிவந்தது. காலை நனைத்தால் உச்சந்தலை குளிர்ந்தது. மீன்குஞ்சுகள் விரலைக் கடித்துப் பார்த்து, "இது பழசு" என்று விலகின. எனக்கு இருபத்தாறு வயது திரும்பிவிட்டது. பாறைக்குப் பாறை தாவினேன். முதல் திருப்பம்! பாட்டுப் பாடினேன். இரண்டாவது திருப்பம்!

அங்கே என் முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாக ராஜினாமா செய்தன. ஒரு பாறையில் உட்கார்ந்தேன். நாற்பத்தாறு வருஷத்தில் ஓர் அடிகூட முன்னேறவில்லை.

அப்போது கூடையோடு இரண்டு பெண்கள் விறுவிறுவென்று ஏறி வந்தார்கள். மூத்தவள் பெயர் பாப்பாயி. மற்றவள் அவள் நாத்தனார்.

"என்னங்கய்யா, மூச்சு வாங்குது?"

"மூச்சுப் பயிற்சிம்மா. சுனைக்கா போறீங்க?"

"ஆமாங்க. அங்கிட்டு நெல்லிக்கா பொறுக்கணும்."

"இந்தப் பாட்டில்ல தண்ணி மொண்டு தர்றீங்களா? பையில சாப்பாடும் இருக்கு. சாமை உப்புமா. நீங்களே சாப்பிட்டுருங்க."

"உங்களுக்குங்க?"

"எனக்கு இன்னிக்கி வயிறு சரியில்லம்மா. கீழ பஸ் நிக்கிற எடத்துல காத்திருக்கேன்."

அவர்கள் மறைந்ததும் வயிறு சரியாகிவிட்டது. இறங்கும்போது முழங்கால்களும் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. நேராக மெஸ்.

"தர்மராஜ்! ரெண்டு ப்ளேட் வறுவல்!"

"புரட்டாசி சனிக்கிழமைங்க. கோழிக்கு லீவு."

"அப்ப என்னதான் இருக்கு?"

"உப்புமா இருக்குங்க."

"ரவையா?"

"சாமைங்க. டவுன்காரங்க தேடி வந்து சாப்பிடறாங்க."

பசி. சாப்பிட்டேன். இரண்டு ப்ளேட்.

மூன்று மணிக்குப் பாப்பாயி மட்டும் பையோடு வந்தாள். பாட்டில் நிறையச் சுனைத் தண்ணீர், பளிங்கு மாதிரி. டப்பாவை ஓடை மணல் போட்டுக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தாள்.

"அம்மா கைக்குத் தங்க வளையல் போடணுங்கய்யா! நாத்தனா விரதம்னுட்டா. முழுசும் நானே தின்னேன்."

உப்புமாவிலிருந்து தப்பிக்க விரதம் என்று ஒரு வழி இருப்பது இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லையே என்று நொந்துகொண்டேன்.

இருட்டும் நேரத்தில் வீடு. பாட்டிலை மேசையில் டங்கென்று வைத்தேன்.

"கரடிச்சுனைத் தண்ணி!"

ரோசரி ஒரு வாய் குடித்தாள். "நிஜமாவே சுனைத் தண்ணிதான். எப்படி ஏறினீங்க?"

அவிழ்த்துவிட்டேன். வழுக்குப் பாறை, வேரைப் பிடித்துத் தொங்கியது, நடுவழியில் நின்ற காட்டெருமையிடம் வழி கேட்டது. அந்தப் பழைய கரடியின் பேரன்கூட வந்து தாத்தா சார்பில் நலம் விசாரித்துப் போனான்.

"சாப்பாடு?"

"பிரமாதம்!"

"எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

"சுனை மேட்டுலதான். உன் சாமை உப்புமாவுக்கு ஈடே கிடையாது, ரோசரி. பிரமாதம்! ஒரு பருக்கை விடல. பிரமாதம்!"

ரோசரி மெதுவாகத் தலையாட்டினாள். வாசலுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஜெஸ்லின்! பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன்!"

"என்ன ஜெயிச்சே?" என்றேன்.

"அது உப்புமா இல்லீங்க. மட்டன் பிரியாணி. எலும்போட. இங்க ஆக்கினா மோப்பம் பிடிச்சுருவீங்கன்னு, நாலு மணிக்கே எழுந்து அவ வீட்டு அடுப்புல ஆக்கினேன்."

நாற்காலியைத் தேடினேன். கிடைக்கவில்லை. தரையில் உட்கார்ந்தேன்.

"தண்ணிய யாரை விட்டு வேணும்னாலும் மொண்டுட்டு வரலாம்" என்றாள் ரோசரி. "ஆனா எட்டு மாசம் கழிச்சுக் கறியைத் தின்னுட்டு, தெருமுனையிலேருந்தே கத்தாம வீட்டுக்குள்ள வர்ற ஆளா நீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தர்மராஜின் உப்புமா ஏப்பமாக வந்தது.

"நாளைக்கி ஞாயித்துக்கிழமைம்மா…" என்றேன் பரிதாபமாக.

"தெரியுமே. மூணு தடவை பிரமாதம்னீங்க, அதான் அரைப்படி சாமையைக் கழுவி வைக்கப் போறேன்."