நெல்வயலுக்குள் போன எழுத்து

காலை சரியாகப் பத்து மணிக்கு என் மகளின் கம்ப்யூட்டரில் எழுத்தெல்லாம் மறைந்துபோயிற்று. இப்படியொரு காரியத்தைச் செய்யக்கூடிய மனிதர் இந்த ஜில்லாவிலேயே ஒருவர்தான் உண்டு: வெங்காயத்தோல்.

நல்லேப்பிள்ளியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கறுப்புத் திரையைப் பார்த்தால் பாம்பைப் பார்த்ததுபோல இரண்டடி பின்னால் போவார். அதை வெங்காயத்தோல் மாதிரி மெலிதாக்கி, பின்னால் ஒரு படம் தெரியும்படி செய்யாமல் எந்த மெஷினையும் திருப்பித் தர மாட்டார். அவருடைய சொந்தப் பெயர் கரன்ட் ஆபீஸுக்கு மட்டும்தான் தெரியும்.

கோவிந்தாபுரத்து லாரி புக்கிங்காரர் ஒருவர், மெஷினில் ஃபேன் சத்தம் போடுகிறது என்று கொண்டுபோய்க் கொடுத்தார். சத்தம் நின்றது. ஆனால் பில் போடும் திரை பழுத்த மாம்பழ நிறம், அதில் எழுத்து கத்தரிக்காய் நிறம்.

"ஏய்யா, இது புக்கிங் ஆபீஸா, கல்யாணப் பந்தலா?"

"உங்க மூஞ்சிக்கு இதுதானுங்க எடுப்பா இருக்குது."

சண்டைக்கு வந்தவர் ஒரு வாரம் கழித்து, கண் எரிச்சல் குறைந்துவிட்டது என்று தம்பியின் மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது, மகள் நித்யாவின் கீபோர்டில் ஒரு பட்டன் அமுங்காமல் போனதற்காக. படிப்பை முடித்து, இரண்டு கம்பெனிகளின் தேர்வில் தோற்றுப்போய், அறைக்குள்ளேயே அடைந்து கிடந்த சமயம் அது. அவளுடைய வேலை டெர்மினல் என்ற கறுப்புப் பெட்டிக்குள். மவுஸுக்கு அங்கே மரியாதை இல்லை. எல்லாவற்றையும் டைப் அடித்துத்தான் சொல்ல வேண்டும். தப்பாக அடித்தால் சிவப்பு எழுத்தில் திட்டும். திட்டு விழுந்ததும் அவள் விரல் அப்படியே நின்றுவிடும். பட்டனை மாற்றிக்கொண்டிருந்தவரிடம் நான் இதைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன்.

"செவப்புலயா?" அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "தப்பச் சொல்றதுக்கும் ஒரு பதம் இருக்குதில்லீங்களா அக்கா?"

திட்டு வாழைப்பூ நிறத்துக்கு மாறியது. அதோடு விட்டாரா? ஜன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்து தாள் காய்ந்த வயலைப் பார்த்தார். ஒரு போட்டோ எடுத்து டெர்மினலுக்குப் பின்னால் வைத்து, கறுப்பை மெலிதாக்கி, எழுத்தை இளநாற்றுப் பச்சையாக்கினார். காய்ந்த வயல்மீது பச்சை எழுத்து. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது.

"வாராவாரம் திங்கக்கெழம இந்தப் பக்கம் வருவனுங்க. பத்து மணி வெயில்ல வயலப் போட்டோ எடுத்து அனுப்பறேன். பின்னால படம் தானா மாறிக்கும்."

"எதுக்குங்க இந்த வேலையெல்லாம்?"

"அம்மிணி ஒத்தையில உக்காந்துட்டு அடிக்குது. வயலாச்சும் கூட இருக்கட்டுமுங்க."

சொன்னபடி செய்தார். காய்ந்த தாள் போய் உழுத சேறு வந்தது. அதிலும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் மழை பிடித்துக்கொள்ள, இரண்டு வாரம் ஆளைக் காணவில்லை. அந்த இரண்டு வாரத்தில் நடவு முடிந்து வயல் பச்சை பிடித்தது. மழை விட்ட திங்கட்கிழமைதான் நித்யாவுக்கு மூன்றாவது கம்பெனியின் தேர்வு. கொச்சியிலிருந்து ஆன்லைனில் ஒரு அம்மாள் இவள் திரையைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று என் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குப் புதுப் படம் வந்து சேர்ந்தது.

நித்யா மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "அம்மா, எழுத்தக் காணோம்."

"எங்கடி போச்சு?"

"வயலுக்குள்ள."

எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க நாற்று. அதில் எது பயிர், எது எழுத்து என்று கடவுளுக்கே தெரியாது.

"மாத்தித் தொலையேன்."

"மெனு அழகக் கெடுக்குதுன்னு அவரு ஒளிச்சு வெச்சிட்டாரு. இத விட்டு வெளிய போய்த் தேடினா பரீட்சை அவுட்."

அவள் உதடு கோணியது. மூன்றாவது முறையும் தோற்றால் இந்தப் பெண் மறுபடி கீபோர்டைத் தொடுவாளா என்பதுதான் அப்போது என் பயம். கொச்சி அம்மாள், "சாரமில்ல மோளே, சமயம் எடுத்தோ" என்று மலையாளத்தில், அவசரமில்லை என அன்பாகச் சொன்னது எனக்கு இன்னும் கிலியைத்தான் கிளப்பியது. போனை எடுத்து வெங்காயத்தோலைக் கூப்பிட்டேன். மணி என் காதிலும் அடித்தது, ஜன்னலுக்கு வெளியிலும் அடித்தது.

வரப்பில் நின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க அக்கா, படம் வந்துச்சுங்களா? பச்ச எப்படி?"

"படம் வந்துச்சு, எழுத்து போச்சு. உள்ள பரீட்சை நடக்குதுங்க."

ஜன்னல் வழியாகப் பார்த்தால் மனிதர் ஓடி வருகிறார். வரப்பு வழுக்கி, ஒரு கால் வயலுக்குள் இறங்கி, செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. எந்தப் பட்டன் என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். அது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கேமராவில் விழாமல் கதவுக்குப் பின்னால் நின்றபடி மூச்சு வாங்கினார். "அம்மிணி, கன்ட்ரோலு, ஷிப்ட்டு ரெண்டையும் புடிச்சுட்டு சைபரத் தட்டு."

தட்டினாள். வயல் மறைந்து முழுக் கறுப்பு வந்தது. அதன்மேல் அவள் அடித்திருந்த வரிகள் ஒன்று குறையாமல் இருந்தன. அடுத்த வரியில் ஒரு தப்பு வந்தது. படித்தாள், திருத்தினாள், மேலே போனாள்.

முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் அவள் விரல் அன்று நிற்கவில்லை.

அவள் மேலே அடிக்க ஆரம்பித்ததும், வெங்காயத்தோலிடம் உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினேன். முழங்கால்வரை சேற்றோடு அவர் வாசலை நோக்கிப் பின்வாங்கினார்.

"ஊடெல்லாம் சேறாயிருமுங்க அக்கா. அம்மிணி அடிக்கட்டும். முடியற வரைக்கும் அந்த வரப்புலயே நிக்கறேன். ஏதாச்சும்னா சன்னல்ல கையக் காட்டுங்க, போதும்."