அப்பாவின் இடது கண்

நான்கு மணி நேரமாக அப்பாவின் இடது கண் வரவில்லை. வலது கண் இருபது நிமிடத்தில் வந்து, இமைமுடி, ஈரம், குறும்பு எல்லாவற்றோடும் தாளில் உட்கார்ந்துகொண்டது. இடதுக்கு மட்டும் என்ன பிடிவாதம் என்று மகளுக்குப் புரியவில்லை.

மாலைக்குள் படம் ஓவியக் கல்லூரிக்குப் போயாக வேண்டும். வீட்டில் ஒருவரை எதிரே உட்காரவைத்து வரைந்த முகம். அதுதான் நுழைவுத் தேர்வு. போன வருடம் கண்ணில் உயிர் இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எப்போதும் மூக்கில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியை அவள் கெஞ்சியதால்தான் அப்பா இன்று கழற்றியிருந்தார்.

"கழுத்தைத் திருப்பாதீங்கப்பா. நேரா பாருங்க."

"பார்த்துட்டுதானே இருக்கேன்."

"ஓரமா பார்க்கறீங்க. சந்தேகப்படற மாதிரி."

"படத்தைப் பார்த்தா யாருக்கும் சந்தேகம் வரும்."

சோபாவில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அத்தை சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து எந்தப் படத்தை நீட்டினாலும் அப்பா கழுத்தைத் திருப்பிக்கொண்டுதான் பார்ப்பார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்ற வருத்தம் அவளோடு கூடவே வளர்ந்திருந்தது.

வெளிச்சம் போதவில்லையோ என்று மேசை விளக்கைக் கொண்டுவந்து வைத்தாள். வலது கண்ணின் கருமணி கடுகாகச் சுருங்கியது. இடது மிளகாகவே இருந்தது. அப்படியே வரைந்தாள். ஒரு கண் வெயிலிலும் ஒரு கண் இருட்டிலும் நின்றன.

அழித்தாள். வலது கண்ணையே நகலெடுத்து, திருப்பிப் போட்டு ஒட்டவைத்தாற்போல் வரைந்தாள்.

அத்தை எட்டிப் பார்த்தாள். "யாருடி இது? சந்தா கேட்டு வந்தவனா?"

மறுபடி அழித்தாள். கடைசியில் ஒரு துண்டை எடுத்து அப்பாவின் தலையை நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டினாள்.

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "அப்படியே இருக்கட்டும். கல்யாணம் ஆனதிலேருந்து இந்த மனுஷன் ஒரு இடத்துல உக்காந்ததில்லை."

கட்டுண்ட நிலையிலும் அப்பாவின் கைகள் பென்சில் சீவிக்கொண்டிருந்தன. சீவி முடித்ததும் வழக்கம்போல் முனையைத் தாளில் தேய்த்து மழுக்கினார். மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எத்தனை வருஷமா சொல்றேன்? கூரா வேணும்பா."

"இதுல வரையக்கூடாதா?"

"இதுல கத்திரிக்காய் வேணா வரையலாம்."

பிடுங்கித் தானே சீவினாள். ஊசி மாதிரி முனை. ஆனால் அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் வெங்காயத் தோலாகியிருந்தது. முனை பட்டதும் பொத்தென்று உள்ளே இறங்கியது. இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை.

அப்பா சட்டென்று தன் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

"எல்லாம் போச்சு," என்றாள் மகள். "உங்களாலதான். நான் வரையறது உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாம்ல? பிறந்ததிலேருந்து ஒரு நாளாவது என்னை ரெண்டு கண்ணாலயும் நேரா பார்த்திருக்கீங்களா?"

அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா துண்டை அவிழ்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

"விடும்மா," என்றார். "வேற தாள் வாங்கிட்டு வரேன். கடை திறந்திருக்கும்."

"உக்காருடா," என்றாள் அத்தை. பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா, வேண்டாம்."

"எவ்வளவு நாள்தான் திட்டு வாங்குவே?" அத்தை மகளின் பக்கம் திரும்பினாள். "சொன்னா நீ அப்புறம் பென்சிலையே தொடமாட்டேன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கி வச்சிருக்கான். அது கண்ணாடிக் கண்ணுடி. ரெண்டு வயசுல அவன் மடியில உக்காந்துக்கிட்டு, நீ பென்சிலால குத்தினது."