சாச்சா சொல்லிக் கொடுத்த பெரட்டு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய ஜௌபர் சாச்சா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கூடப்பிறந்த நானாவின் மகள் ரிஸ்கா எழுதிக்கொள்வது. குளிரையும் அட்டைக் கடியையும் தவிர்த்தால் நான் இங்கே நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ். அங்கே நீங்களும், றமீலா சாச்சியும், சாச்சியின் முழங்காலும், பதுளைக் கடைவீதியில் நம் துணிக்கடையும், அதில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நின்றபடியே துணி மடிக்கும் கணபதி அண்ணனும் சுகமாக இருக்க என் துஆ. கணபதி அண்ணனிடம் அவர் மகன் தினேஸ் என் வகுப்பில் நன்றாகப் படிக்கிறான் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம், போனில் பேசக்கூடாதா என்று கேட்பீர்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் பிடிக்க வேண்டுமானால் தண்ணித் தாங்கிக்கு மேலே ஏற வேண்டும். அங்கே ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் போனையும் பிடித்துக்கொண்டு நலம் விசாரிக்கலாம், கோபப்பட முடியாது. எனக்கு இப்போது இருப்பதோ உங்கள் மேல் கோபம். அதனால் நிம்மதியாக உட்கார்ந்து, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, எழுத்தில் கோபப்படுகிறேன். நாளைக் காலை பாண் விற்க வரும் ஓட்டோக்காரரிடம் கொடுத்தால் அவர் பதுளைக்குப் போகும்போது கடையில் தந்துவிடுவார்.

ஆறாம் வகுப்பு எனக்குக் கிடைத்ததும் நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, இடுப்பளவுப் பலகை மட்டும்தான். நான் பின்னம் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பக்கம் எட்டாம் வகுப்பு படிக்கும், என் பிள்ளைகள் கத்தினால் பள்ளிக்கூடம் முழுக்கக் காது பொத்தும். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை சாச்சா, தங்கமான பிள்ளைகள், ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். கல்வியியற் கல்லூரியில் வகுப்பறை முகாமைத்துவம் என்று படித்ததையெல்லாம் செய்து பார்த்தேன். வாயில் விரல் வையுங்கள் என்றேன். வைத்தார்கள், நான் கேள்வி கேட்ட பிறகும் எடுக்கவே இல்லை. நான் ஒரு தாளத்தில் கை தட்டினால் அவர்களும் அதே தாளத்தில் தட்டி அமைதியாக வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. நான் தட்டினேன், அவர்களும் தட்டினார்கள், பிறகு மேசையில் தப்பு மேளம் அடிக்கிற மாதிரி அடித்தார்கள், இரண்டு பேர் எழும்பி ஆடினார்கள், பலகைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டாம் வகுப்பும் சேர்ந்துகொண்டது. அந்த எட்டாம் வகுப்பு அழகர் சேருடையது.

அழகர் சேரைப் பற்றி நான் உங்களுக்குச் சொன்னதில்லை. அவரிடம் ஒரு துண்டு ஹோஸ் பைப் இருக்கிறது. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் செயலாளர். "நான் ஒண்ணுமே செய்ய மாட்டேன் டீச்சர், எல்லாத்தையும் செயலாளர் பாத்துக்குவாரு" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் கெட்டவர் இல்லை, பிள்ளைகளுக்குத் தன் செலவில் பென்சில்கூட வாங்கித் தருவார், ஆனால் செயலாளரைக் கையில் எடுத்துவிட்டால் அவர் வேறு ஆள். என் வகுப்பில் பெரியாயி என்று ஒரு பிள்ளை. பாட்டி பெயரை வைத்திருக்கிறார்கள், ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தால் மேசைக்கு மேலே ரிப்பன் மட்டும்தான் தெரியும். வாய் ஓயாத பிள்ளை, அழகர் சேர் எங்கள் பக்கமாக நடந்து போனால் மட்டும் அப்படியே ஊமையாகி, அன்று முழுக்கப் பேச மாட்டாள். கைதட்டல் விவகாரத்துக்குப் பிறகு பள்ளிக்கூட அதிபர் கலாராணி மேடம் என்னைக் கூப்பிட்டு, புதன்கிழமை கல்வி வலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் இப்றாஹீம் சேர் வருகிறார், அன்றைக்கும் வகுப்பு இப்படித்தான் இருந்தால் ஆறாம் வகுப்பை அழகர் சேரிடம் கொடுத்துவிட்டு உங்களுக்கு நூலகத்தைத் தருவேன் என்றார். நூலகம் என்பது ஒரு அலுமாரி சாச்சா. எனக்கு அலுமாரி பற்றிக் கவலை இல்லை, பெரியாயி பற்றித்தான் கவலை.

இதை ஹஜ்ஜுப் பெருநாள் அன்று வட்டிலாப்பம் சாப்பிடும்போது உங்களிடம் அழுதேன். நீங்கள் கரண்டியை நக்கிவிட்டுச் சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "மகள், நான் சம்பள நாளைக்குத் தோட்டம் தோட்டமாப் போய்ச் சாரத் துணி வித்தவன். அங்க பெரட்டுக்களத்துல ஒரு சத்தம் இருக்காது. எல்லாரும் வரிசையா நிப்பாங்க, கணக்கப்பிள்ளை வேலையைப் பிரிச்சுக் குடுப்பாரு, ஆளாளுக்குப் போய்ருவாங்க. நீயும் காலையில ஒரு பெரட்டு வை. அதுவும் சரிவராட்டி நம்ம கடையில கெஷியர் கதிரை உனக்காக வெறுமையா இருக்கு." இதைச் சொன்னவர் நீங்கள். சாட்சிக்குச் சாச்சி இருக்கிறார்.

திங்கட்கிழமை காலையில் பெரட்டு வைத்தேன். கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தி, இன்னாருக்கு வாசிப்பு, இன்னாருக்குக் கணக்கு, இன்னாருக்குக் கரும்பலகை துடைப்பு என்று பிரித்துக் கொடுத்து, வரிசைக்கு ஒரு கங்காணியையும் போட்டு, செய்த கணக்கை எண்ணுவதற்குக் கணபதி அண்ணன் மகன் தினேஸைக் கணக்கப்பிள்ளையாக வைத்தேன். சாச்சா, அல்லாஹ் அறிய, ஒரு சத்தம் இல்லை! கொழுந்து எடுக்கிற மாதிரி மடமடவென்று கணக்குச் செய்தார்கள். அதிபர் மேடம் வகுப்பில் ஆள் இருக்கிறதா என்று பலகைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நான் அன்று தண்ணித் தாங்கியில் ஏறி உங்களுக்கு நன்றி சொன்னேனே, அந்த நன்றியை இப்போது திருப்பித் தந்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொழுந்து நிறுக்கிற மாதிரியே கணக்கு நிறுக்கிற நேரம் வந்தது. தினேஸ் ஒவ்வொருவருடைய கொப்பியையும் பார்த்து, எல்லோரிடமும் இரண்டு கணக்கைக் குறைத்துச் சொன்னான். ஏனடா என்றேன். "தண்ணிக்குக் கழிச்சேன் டீச்சர்" என்றான். தோட்டத்தில் ஈரக் கொழுந்து என்று நிறையில் கொஞ்சம் கழிப்பார்களாம். சாரம் விற்கப் போன நீங்கள் அதை எனக்குச் சொல்லவில்லை. பெரியாயி எழும்பி, "டீச்சர், என் கொப்பியில எங்க தண்ணி இருக்கு, தொட்டுப் பாருங்க!" என்றாள். தினேஸ் கொஞ்சமும் அசையாமல், "கழிக்கிறது வழக்கம்" என்றான். கழித்ததால் பாதிப் பிள்ளைகளுக்கு அன்றைய அளவு நிறையவில்லை. அவர்களுக்கெல்லாம் அரைப்பேர், அதாவது அரைநாள் வேலைதான் செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். கங்காணிமார் நாலு பேரும் ஒரு கணக்குக்கூடச் செய்யாமல் வரிசைக்குப் பின்னால் கைகட்டி நடந்திருக்கிறார்கள், அவர்களுக்கு முழுப்பேர். எல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு, நாளைக்குச் சரியாகிவிடும் என்று நான் மணியடித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். புத்தி கெட்டவள்!

பெரட்டு இருக்கிற இடத்தில் சங்கமும் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா சாச்சா? எனக்குத் தெரியாது, நான் கடைவீதியில் வளர்ந்தவள். புதன்கிழமை காலையில் போனால் வகுப்பு வெறுமை. ஆறாம் வகுப்பு மொத்தமும் வெளியே மைதானத்தில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறது. முன்னால் பெரியாயி. "வேலைநிறுத்தங்க டீச்சர்" என்றாள், மரியாதையாக எழும்பி நின்று. தொழிலாளர் லயத்துக்கு லயம் சங்கத் தலைவர், தலைவி எல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கத் தேவைப்படவில்லை. இதில் இன்னொன்று, கொஞ்சம் தள்ளி நாலைந்து பேர் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அது தினேஸின் சங்கம். எந்தத் தோட்டத்திலும் ஒரு சங்கம் மட்டும் இருக்காதாம். கணக்கைக் கழித்ததும் அவன், கழித்ததை எதிர்த்துச் சங்கம் வைத்ததும் அவன். நான் உள்ளே வாங்க பிள்ளைகளே என்று கெஞ்சிக்கொண்டிருக்கும்போது கேட்டுக்குள் மோட்டார் சைக்கிள் வருகிறது, அதில் இப்றாஹீம் சேர்.

அதிபர் மேடமும் வந்துவிட்டார். யாரோ சொல்லி அழகர் சேரும் செயலாளரைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி வருகிறார். "ஒரு நிமிசம் டீச்சர், நான் உள்ள அனுப்புறேன்" என்கிறார். என் பிள்ளைகள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெரியாயியைப் பார்த்தேன், ரிப்பன் நடுங்குகிறது. நான் குறுக்கே போய் நிற்கலாம் என்று ஓரடி வைப்பதற்குள் அந்தப் பிள்ளை எழும்பி, குரலும் நடுங்க, அவரையே பார்த்துச் சொன்னாள்: "சேர், வேலைநிறுத்தம் நடக்குறப்ப வேற ஆளு வந்து வேலையில கை வைக்கக் கூடாதுங்க."

அழகர் சேர் அப்படியே நின்றார். என்னவோ போல அவளைப் பார்த்தார். பிறகு திரும்பிப் படியேறிப் போய்விட்டார். சரி, ஆபீசில் உட்கார்ந்து முறைப்பாடு எழுதப் போகிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. வேலைநிறுத்தக்காரர்களே உள்ளே போய் என் கதிரையைத் தூக்கி வந்து மைதானத்தில் போட்டு, "டீச்சர், நீங்க தொரை எடத்துல உக்காருங்க, பேச்சுவார்த்தை" என்றார்கள். ஆலோசகர் பார்த்துக்கொண்டிருக்க நான் உட்கார்ந்தேன். தண்ணிக்குக் கழிக்கக் கூடாது என்றார்கள், சரி என்றேன். கங்காணிமாரும் கணக்குச் செய்ய வேண்டும், கிழமைக்குக் கிழமை ஆள் மாற வேண்டும், வேலை முடித்தவர் பக்கத்தில் இருப்பவருக்கு உதவலாம், இடைவேளைக்குப் பிறகு ஒரு பாட்டு வேண்டும், எல்லாவற்றுக்கும் சரி என்றேன். கடைசியில் எனக்கும் கொஞ்சம் ரோஷம் வந்து, "எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும், சத்தம் போடக் கூடாது" என்றேன். இரண்டு சங்கமும் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். பெரியாயி வந்து, "சத்தம் எங்க பொறுப்புங்க. ஆனா டீச்சரும் கத்தக் கூடாது" என்றாள். இது நியாயமா சாச்சா? அதற்கும் சரி என்றேன். பிறகுதான் வரிசையாக உள்ளே போனார்கள். இப்றாஹீம் சேர் எனக்கு நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை சொல்லாமல் "ம்ம்" என்றார், தேத்தண்ணீர் குடித்தார், போய்விட்டார். அதிபர் மேடம் நாளைக் காலை முதல் வேலையாக ஆபீசுக்கு வரச் சொன்னார்.

ஆகவே எல்லாம் முடிந்தது. பிள்ளைகளிடம் தோற்ற டீச்சர் என்று வலயம் முழுக்கப் பேர் வந்துவிடும், என் பிள்ளைகள் செயலாளரிடம் போய்விடுவார்கள், நான் அலுமாரிக்குக் காவல் இருக்க வேண்டியதுதான். அதற்குக் கடையில் வந்து உட்காருவது மேல். சனிக்கிழமை கடை வேனை அனுப்புங்கள். பெட்டி கட்டியாகிவிட்டது. கெஷியர் கதிரையைத் தூசி தட்டி வையுங்கள். இனிமேல் வட்டிலாப்பம் சாப்பிடும்போது நீங்கள் சொல்லும் எந்த யோசனையையும் கேட்பதாக இல்லை. ஆனாலும் உங்கள் மேல் உள்ள அன்பில் குறைவில்லை. சாச்சியின் முழங்காலுக்கு எண்ணெய் தடவச் சொல்லுங்கள். உங்களுக்கும் கடைக்கும் பரக்கத் பெருகவும், வீட்டில் எல்லோரும் நீடித்த சுகத்தோடு இருக்கவும் துஆச் செய்யும்,

உங்கள் அன்பு மகள்
ரிஸ்கா

பிற்குறிப்பு: வேன் வேண்டாம். நேற்றைய மழையில் ரோட்டில் மண் இறங்கி இன்று பாண் ஓட்டோ வரவில்லை, கடிதம் கையிலேயே இருந்தது, அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன். காலையில் ஆபீசுக்குப் போனேன். அழகர் சேரும் அங்கே இருந்தார். ஆறாம் வகுப்பை எடுக்கிறீர்களா என்று மேடம் கேட்டதும் அவர், "வேணாங்க மேடம். எங்கப்பா எங்க டிவிசன்ல சங்கத் தலைவரா இருந்தவரு. அந்தப் புள்ள கேட்டப்ப அவரு கேட்ட மாதிரியே இருந்துச்சு. கையில பைப்ப வச்சிக்கிட்டு நின்னேன் பாருங்க, எனக்கே அசிங்கமாப் போச்சு" என்றார். செயலாளரைக் கொண்டுபோய் நூலக அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை மேடத்திடம் கொடுத்துவிட்டார். இந்தப் பள்ளிக்கூடத்தில் தான் பார்த்த ஒரே அமைதியான வகுப்பு, வெளியே மைதானத்தில் உட்கார்ந்திருந்த வகுப்புத்தான் என்று இப்றாஹீம் சேர் சொல்லிவிட்டுப் போனாராம். ஆறாம் வகுப்பு எனக்குத்தான் சாச்சா! வகுப்பில் போய்ச் சொன்னேன். சத்தம் அவர்கள் பொறுப்பு அல்லவா, ஒருவரும் கத்தவில்லை, மொத்த வகுப்பும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது, அதுவும் சத்தமில்லாமல். ஒப்பந்தப்படி கத்தக் கூடாதே தவிர அழக் கூடாது என்று இல்லை, அதனால் நான் அழுதேன். பெரியாயி மேசையில் ஏறி நின்று என் கண்ணைத் துடைத்துவிட்டு, என்னையும் அவள் சங்கத்தில் சேர்த்துவிட்டாள்.

அதனால் இனி உங்கள் கெஷியராக முதலாளி பக்கத்தில் வந்து உட்கார எனக்கு முடியாது. இன்னொன்று. தினேஸ் பேச்சுவார்த்தை முழுவதையும் தண்ணித் தாங்கியில் ஏறி அப்பாவுக்குப் போனில் சொல்லிவிட்டான், கணபதி அண்ணன் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிக் கேட்டாராம். திங்கட்கிழமை நீங்கள் கடை திறக்கும்போது வாசலில் யாராவது கைகட்டி அமைதியாக உட்கார்ந்திருந்தால் பதற வேண்டாம். அவர் பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டார், இத்தனை வருடமாக நிற்கிறார், உட்கார ஒரு கதிரை கேட்பார். எனக்காக வெறுமையாக வைத்திருக்கிறீர்களே, அதைக் கொடுத்துவிடுங்கள்.