நானே சரிபார்த்த சம்பந்தம்

எனக்கும் என் அண்ணனுக்கும் கலியாணப் பொருத்தம் திறமாக இருக்கிறது, யாதொரு ஆட்சேபமும் இல்லை என்று முத்திரை குத்திக் கையெழுத்து வைத்தவள் நான்தான். (அண்ணன் என்றால் பெரியம்மாவின் மகன். இப்படி விளக்கினால் குற்றம் குறையும் என்று நினைத்தேன். மட்டக்களப்பில் குறையாது.)

பட்டம் முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்த எனக்கு, செங்கலடிச் சந்தியில் ஒரு கலியாண சேவை நிலையத்தில் முதல் வேலை கிடைத்தது. முதலாளி தேவராசா சேர் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்று வாங்கியிருந்தார். சாதகம், படிப்பு, வம்சக் குடி எல்லாம் பார்த்து அதுவே சோடி சேர்க்கும். ஆனால் தனிநபர் தகவல்களுக்குச் சட்டம் வந்துவிட்டது, இயந்திரம் தன்பாட்டில் முடிவெடுத்தால் வழக்கு வரும் என்று யாரோ அவரை வெருட்டியிருந்தார்கள். அதனால் என்னை 'இடர் முகாமை மற்றும் ஒழுங்குவிதி அலுவலர்' ஆக்கினார்.

"சேர், நான் என்ன செய்யோணும்?"

"மிசின் முடிவெடுக்கும். அத ஒரு மனிசர் பாக்கோணுமாம். நீங்கதான் அந்த மனிசர்."

மனிசராக இருப்பதற்கும் சம்பளம் தருகிறார்களா என்று அம்மா கேட்டார். எனக்கும் விளங்கவில்லை. விளங்காததைக் காட்டிக்கொள்ளாமல் முதல் மாதம் முழுக்க இடர்ப் பதிவேடு எழுதினேன். இணையத்தில் மாதிரிகளைப் பார்த்து நாற்பத்திரண்டு இடர்கள் சேர்த்தேன். மின்வெட்டு, வெள்ளம், தகவல் திருட்டு, இயந்திரம் மனித குலத்துக்கு எதிராகக் கிளம்புதல். பக்கம் நிரம்பவில்லை என்று யானையையும் போட்டேன். 'மென்பொருள் உள்ளூர் வழக்கத்துக்கு ஏற்றதா?' என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு 'ஓம்' என்று சரி போட்டேன். திரையில் தமிழ் எழுத்து வருகிறதே, வேறென்ன வழக்கம் என்ற நினைப்பு.

அந்த மென்பொருளோ எங்கோ தூரத்தில் செய்தது. தகப்பனின் குடியைக் கேட்டு, அதையே பிள்ளைக்கும் எழுதிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் குடி தாய்வழி வருவது. ஒரே குடிக்குள் பிறந்தவர்கள் சகோதரங்கள், கலியாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இது செங்கலடிச் சந்தையில் மீன் விற்கிறவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்க வேண்டிய ஆளே நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை முப்பத்தேழு சோடிகளுக்குக் கடிதம் போக வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் மூன்று பக்கம். கையெழுத்து மூன்றாம் பக்கத்தில் என்பதால், முதல் இரண்டையும் மடித்துவிட்டு மூன்றாவதை மட்டும் விரித்து வரிசையாக வைத்துக்கொண்டேன். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. சேர் என் சுறுசுறுப்பைப் பாராட்டித் தின்ன ரோல்ஸ் வாங்கித் தந்தார்.

அடுத்த கிழமை வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், வவுணதீவிலிருந்து பெரியம்மா வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் ஒரு கடிதம். அம்மா கையிலும் ஒரு கடிதம். அம்மா எனக்குத் தெரியாமல் என் பெயரையும், பெரியம்மா தன் மகன் ரமேஸ் அண்ணனின் பெயரையும் எங்கள் நிலையத்திலேயே பதிந்திருக்கிறார்கள். கம்பியூட்டரில் மாப்பிள்ளை தேடுவது மற்றவளுக்குத் தெரிந்தால் வெட்கம் என்று இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை.

"என்னகா இது? தங்கச்சிய அண்ணனுக்குக் கேக்கிற காலமா வந்திட்டு?" என்றார் பெரியம்மா.

"நான் எங்க கேட்டன்? எனக்கும் இதே கடிதம்தான் வந்திரிக்கு அக்கா" என்றார் அம்மா.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாம் பக்கத்துக்கு வந்தார். நேரில் பரிசோதித்து உறுதிப்படுத்தியவர் என்ற இடத்தில் என் பெயர். முதலாம் பக்கத்துக்குத் திரும்பினார். மணமகள் என்ற இடத்திலும் என் பெயர்.

"பொண்ணும் நீ, பொருத்தம் பாத்ததும் நீயா புள்ள?"

"பெரியம்மா, நான் மனிதக் கண்காணிப்பு மட்டுந்தான்" என்றேன். அந்த நேரத்தில் அது எனக்கு நல்ல பதிலாகப் பட்டது.

"கண்காணிக்கக்குள்ள கண்ண எங்க வெச்சிருந்தநீ?"

வாசலில் மோட்டார்சைக்கிளோடு நின்ற ரமேஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார். "சித்தி, தண்ணி குடிக்க உள்ள வரலாமா? இல்ல, பொண்ணு பாக்க வந்ததெண்டு ஆக்கிப்போடுவீங்களா?"

அம்மாவே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற முப்பத்தாறு சோடிகளும் நினைவுக்கு வந்தன.

மறுநாள் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று. ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்துத் தாயின் குடியைக் கேட்டோம். இன்னும் ஐந்து சோடி ஒரே குடிக்குள் விழுந்திருந்தன. முத்திரை இருந்ததால் அந்த வீடுகளில் யாரும் குடியை விசாரிக்கவே இல்லை. நானே பஸ் ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு வீட்டில் மாப்பிள்ளை பகுதி மறுநாள் வர இருந்தது. முன்சுவருக்குப் புதுப் பெயின்ற் பூசி, அந்தப் பிள்ளை புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் விசயத்தைச் சொன்னதும் அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். தாய் எனக்குத் தேத்தண்ணி தந்தார். அதை எப்படிக் குடித்தேன் என்று தெரியாது. அன்று வெட்கப்பட்ட அளவுக்கு என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்டதில்லை.

சேர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. "உங்கள நிப்பாட்டினா வேற மனிசருக்கு நான் எங்க போற?" என்றார். விண்ணப்பத்தில் தாயின் குடி சேர்ந்தது. என் பதிவேட்டில் நாற்பத்து மூன்றாவது இடர் சேர்ந்தது: அலுவலர்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கலியாணம். மாமா பேசிக் கொண்டுவந்த சம்பந்தம். பதிவாளர் புத்தகத்தைத் திருப்பி வைத்துப் பேனையைத் தந்தார். நான் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். பெயர், முகவரி, தகப்பன் பெயர், சாட்சிகள். பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "பிடிக்கலையா?" என்று மெல்லக் கேட்டார்.

"அவள் வாசிக்கட்டும் தம்பி" என்றார் பெரியம்மா, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "போனமுறை வாசிக்காமத்தான் என்ர மகனுக்குக் கையெழுத்து வெச்சவள்."

மாப்பிள்ளைக்கு அந்தக் கதையை யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.